சுண்டுவின் கையெழுத்து

டிரை கிளீனிங் கடையின் பின்னறையில், ஜன்னலை ஒட்டிப் போட்டிருக்கும் மேஜைதான் அவளுடைய இடம். மேஜையில் கழுத்து வளையும் விளக்கு ஒன்று, பூதக்கண்ணாடி, ஊசி குத்திவைக்கும் பஞ்சுப் பொதி, தினமும் அவள் கைப்பையில் வந்துபோகும், நூல் துண்டுகள் போட்டுவைக்கும் தகர டப்பா. சலவைக்கு வரும் கோட்டைப் பூச்சி அரித்திருந்தால், பேன்ட் ஆணியில் மாட்டிக் கிழிந்திருந்தால், சிகரெட் பட்டுத் துணி பொசுங்கியிருந்தால், அது அவளிடம் வரும். கடையில் எல்லாருக்கும் அவள் டார்னிங் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த இஸ்திரிக்காரருக்கும் அக்காதான்.

டார்னிங் என்பது ஒட்டுப் போடுவது இல்லை. அதே துணியின் உள்மடிப்பில், யார் கண்ணிலும் படாத இடத்திலிருந்து இழை உருவ வேண்டும். உருவிய இழையை ஊசியில் கோத்து, ஓட்டையின் குறுக்கே வரிசையாக ஓட்டி, பிறகு ஒன்று விட்டு ஒன்று மேலும் கீழுமாக நெய்துகொண்டே போக வேண்டும். நெய்த இடம் சுற்றியிருக்கும் துணியைவிட நேர்த்தியாக இருந்துவிடக் கூடாது. பழைய துணியில் இழை கொஞ்சம் தளர்ந்திருக்கும். அந்தத் தளர்ச்சியும் வர வேண்டும். இதையெல்லாம் அவளுக்கு யாரும் உட்காரவைத்துச் சொல்லித் தரவில்லை. பத்தொன்பது வயதில் அந்தக் கடைக்குப் பொத்தான் தைக்க வந்தவள், மற்றவர்கள் செய்த வேலையைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்துப் பார்த்தே பிடித்துக்கொண்டாள்.

“அக்கா கை பட்டா, தான் கிழிஞ்சது துணிக்கே மறந்துபோயிடும்” என்பார் இஸ்திரிக்காரர்.

அந்தக் கையால்தான் அவள் ஒரு வருஷம் மகளுடைய வீட்டுப்பாடத்தை எழுதினாள்.

மகளுக்கு வீட்டில் சுண்டு என்று பெயர். பிறந்த அன்றைக்கு அப்பாவின் சுண்டுவிரலைப் பிடித்தவள் அரைமணி நேரம் விடவில்லை, அதனால். வாய் மட்டும் ஊரையே விலைபேசும். ஒரு முறை கதை சொன்னால் போதும், மறுநாள் அதை மூக்கும் முழியும் வைத்துத் திருப்பிச் சொல்லுவாள். ஆனால் பென்சிலைக் கையில் எடுத்தால் முகம் வாடிவிடும். முன்னால் வர வேண்டிய கொம்பு பின்னால் போய் உட்கார்ந்திருக்கும். நான்கெழுத்துச் சொல்லில் ஓர் எழுத்து காணாமல் போயிருக்கும். நேற்று சரியாக எழுதிய சொல்லை இன்றைக்கு முதன்முதலாகப் பார்ப்பதுபோல் பார்ப்பாள்.

இரண்டாம் வகுப்பின் நடுவில் ஒருநாள், பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடுகளோடு நோட்டு வந்தது. கீழே, “கவனக்குறைவு. பெற்றோர் கவனிக்கவும்.” அன்று பள்ளி வாசலில் இன்னொரு பெண்ணின் அம்மா, “உங்க பொண்ணா? அந்தப் பேச்சு பேசறாளே, எழுத வராதா?” என்று கேட்டுச் சிரித்தாள். பொல்லாப்பான சிரிப்புகூட இல்லை. ஆனாலும் அவளுக்கு அது சுருக்கென்று தைத்தது. எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள் அவள். ஆனால் பள்ளியில் அவளுக்கு ஒரு பெருமை இருந்தது. கையெழுத்துப் போட்டி எது வைத்தாலும் பரிசு அவளுக்குத்தான். அவள் வயிற்றில் பிறந்தவளுக்கா எழுத வரவில்லை?

அன்று சாயங்காலம் சுண்டு எழுதியதில் ஒரே ஒரு சொல்லை அழித்துவிட்டுத் திருத்தினாள். மறுநாள் ஒரு வரி. ஒரு மாதத்தில் முழுப் பக்கம். சுண்டு திக்கித் திணறி எழுதிய தாளைப் பிரித்து எடுத்துவிட்டு, புதுத் தாளில் அவளே எழுதினாள்.

செய்வதைத் திருத்தமாகத்தான் செய்வாள். சுண்டு எழுதிய ஒரு பக்கத்தை மட்டும் மாதிரிக்கு எடுத்து, நாலாக மடித்து நூல் டப்பாவின் அடியில் வைத்துக்கொண்டாள். பூதக்கண்ணாடியில் அதைப் பார்த்தாள். குழந்தை பென்சிலை அழுத்திப் பிடிக்கிறது, வரி முடியும் இடத்தில் எழுத்து மேலே ஏறுகிறது, சுழிகள் முழுதாக மூடுவதில்லை. அத்தனையும் தன் கைக்குக் கொண்டுவந்தாள். எல்லாமே சரியாக இருந்தால் சந்தேகம் வரும் என்று பக்கத்துக்கு இரண்டு பிழைகள் விட்டாள். குழந்தைகள் விடும் பிழைகளாகப் பார்த்து விட்டாள். வகுப்பு டீச்சர் அந்த இரண்டையும் சிவப்பில் வட்டமிட்டு, கீழே ஒரு நட்சத்திரம் போட்டு அனுப்பினார். மூன்றாம் வகுப்புக்கும் அவரே டீச்சராக வந்தார்.

சுண்டு பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பாள். ஒன்றும் கேட்க மாட்டாள். ஒரே ஒரு பாட்டு மட்டும் அடிக்கடி பாடுவாள்.

“அம்மா, கால் வலிக்குது.”

“ஆடாத ஆட்டம் ஆடினா வலிக்காம என்ன செய்யும்?” என்று சொல்லிக்கொண்டே அவள் கெண்டைக்காலைப் பிடித்துவிடுவாள்.

அப்பா டவுன் பஸ் ஓட்டுகிறவர். ஷிஃப்டு முடிந்து அவர் வரும்போது வீட்டுப்பாடம் முடிந்திருக்கும். நட்சத்திரம் போட்ட பக்கத்தைச் சுண்டுதான் காட்ட வேண்டும் என்பார். டிப்போவில் நாலு பேரிடம் சொல்லி வைத்திருந்தார். ஒருநாள் நோட்டையே டிஃபன் பையில் போட்டு எடுத்துப் போய்க் காட்டிவிட்டு வந்தார். “கண்டக்டர் சொல்றான், இது என் சட்டையில நீ போட்ட தையல் மாதிரியே அழகா இருக்காம்” என்றார். அவள் சிரித்துவைத்தாள்.

மூன்றாம் வகுப்பின் அரையாண்டுத் தேர்வில் சுண்டு மூன்று தாள்களை வெறுமையாகக் கொடுத்தாள். வெறுமை என்று சொல்ல முடியாது. நாலு ஓரத்திலும் கொடியும் பூவுமாகக் கரை வரைந்திருந்தாள். எழுதப் படிக்கத் தடுமாறும் குழந்தைகளுக்காக வாரத்தில் இரண்டு நாள் பள்ளிக்கு வரும் தனிவகுப்பு டீச்சர் கண்ணில் அந்தத் தாள்கள் பட்டன. சுண்டுவைக் கூப்பிட்டு அதே கேள்விகளை வாயால் கேட்டார். பதிலெல்லாம் டக்டக்கென்று வந்தது. “ஆஸ்பத்திரியில காட்டி ரிப்போர்ட் வாங்கிட்டு வாங்க. இவளுக்கு ஒரு தனித் திட்டம் போடலாம்” என்று எழுதி அனுப்பினார். அந்தத் திட்டப்படி, தேர்வில் கேள்வியை ஒருவர் படித்துக் காட்டுவார், பதிலை வாயால் சொல்லலாம், கூடுதல் நேரம் கிடைக்கும், வாரத்தில் நாலு பீரியடு தனியாக எழுத்து சொல்லித் தருவார்கள். தனிவகுப்பில் பன்னிரண்டு இடம். பதினொன்று நிரம்பிவிட்டது. மீதி இருந்த ஓர் இடத்துக்கு இன்னொரு குழந்தையும் காத்திருந்தது. இந்தத் தடவை விட்டால் அடுத்த வருஷம்தான்.

ரிப்போர்ட் வாங்கிவிட்டாள். எழுத்தைப் பிரித்தறிவதில் குறைபாடு, அறிவில் எந்தக் குறையும் இல்லை, உடனே உதவி தேவை என்று அதில் தெளிவாக இருந்தது. அதைப் படித்த அன்று அவளுக்குத் திட்டம் மேல் ஆசை வந்தது. நோட்டுகளைப் பற்றி அவள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. திட்டம் கிடைத்ததும் எழுதுவதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொள்ளலாம், தைத்தது தெரியாமல் பிரித்துவிடலாம் என்று கணக்குப் போட்டாள்.

திட்டம் பற்றிப் பேசப் பள்ளியில் கூட்டியிருந்த கூட்டத்துக்கு அரைநாள் லீவு போட்டு, பேச வேண்டியதை மனசுக்குள் நாலு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டு போனாள். பள்ளி வாசலில் கணவர் சுண்டுவோடு நின்றிருந்தார். காக்கிச் சட்டையை மாற்றக்கூட இல்லை. கையில் கனமான துணிப்பை.

“என்னங்க இது?”

“நோட்டு. பத்தும் கொண்டாந்துட்டேன். ரிப்போர்ட்டைப் பார்த்துட்டு நம்ம பொண்ணைச் சோம்பேறின்னு நெனச்சிடக் கூடாதில்ல? எவ்ளோ பாடுபடறான்னு அவங்களும் பாக்கட்டும்.”

“வேணாங்க. ரிப்போர்ட் போதும்.”

“நீ சும்மா வாம்மா. இருக்கறதைக் காட்டறதுல என்ன வெக்கம்?”

அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். அவர் ஒருவரிடம் மட்டும், வாசலிலேயே சொல்லியிருக்கலாம். அவள் செருப்பைப் பார்த்துக்கொண்டு உள்ளே நடந்தாள்.

சுண்டுவை வெளியே பெஞ்சில் உட்காரவைத்தார்கள். உள்ளே தலைமையாசிரியர், வகுப்பு டீச்சர், தனிவகுப்பு டீச்சர். அவள் தயார் செய்துகொண்டு வந்ததைத் தடங்கல் இல்லாமல் பேசினாள். தனிவகுப்பு டீச்சர் தலையாட்டிக்கொண்டே குறித்துக்கொண்டார். காரியம் கைகூடிவிடும்போல் இருந்தது. அப்போது சுண்டுவின் அப்பா பையை அவிழ்த்துப் பத்து நோட்டுகளையும் மேஜையில் அடுக்கினார்.

தலைமையாசிரியர் ஒன்றைப் புரட்டினார். இன்னொன்றை எடுத்தார். பிறகு ரிப்போர்ட்டைப் பார்த்தார்.

“ஒரு வரி முழுசா எழுத முடியலைன்னு ரிப்போர்ட் சொல்லுது. இங்க பக்கம் பக்கமா இருக்கு. ரெண்டுல எதை நம்பறது?”

“இதைத்தான் சார் நானும் வருஷம் முழுக்கச் சொல்றேன்” என்றார் வகுப்பு டீச்சர். “இவளுக்கு வருது. எழுத மாட்டேங்கறா. அவ்ளோதான்.”

“இல்ல மேடம், அவ ரொம்பப் பாடுபட்டு…” என்று ஆரம்பித்த அப்பா, தான் கொண்டுவந்ததே தனக்கு எதிராகத் திரும்புவதைப் பார்த்துப் பாதியில் நிறுத்திவிட்டார்.

“வீட்டுல யாராவது உதவி பண்ணுவீங்களா?” என்று தனிவகுப்பு டீச்சர் அவளைப் பார்த்துக் கேட்டார்.

“கொஞ்சம் பண்ணுவேன்.”

“கொஞ்சம்னா?”

“பக்கத்துல உக்காந்து… சொல்லிக் குடுப்பேன்.”

“அது எல்லா அம்மாவும் பண்றதுதானே” என்றார் தலைமையாசிரியர். ரிப்போர்ட்டை மூடி ஓரமாக வைத்தார். “காத்திருக்கற இன்னொரு குழந்தைக்கு எழுத்தே தெரியல. அதுக்கு முதல்ல குடுத்துடலாம். இவளை அடுத்த வருஷம் பாக்கலாம்.”

அவள் பேசவில்லை. பின்னாளில் இதைச் சொல்லும்போதெல்லாம் அவள் இந்த இடத்தில்தான் நிறுத்துவாள். தான் எழுதித் தந்ததைக்கூட ஒரு மாதிரி பொறுத்துக்கொண்டுவிட்டாள். ஆனால் பெண்ணின் இடம் கண்ணெதிரே இன்னொருவர் பக்கம் போய்க்கொண்டிருந்தபோது தான் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் அவளுக்கு ஆறவில்லை.

வகுப்பு டீச்சர் தன் போக்கில் சொல்லிக்கொண்டே போனார். “நானும் கண்டிச்சுப் பாத்துட்டேன் சார். வீட்டுல இவ்ளோ அழகா எழுதறவ கிளாஸ்ல எழுதலைன்னா அது திமிர்தானே? எழுத்துப் பீரியடு பூரா போர்டு பக்கத்துல நிக்க வெச்சேன். தினம் நிக்கறா. அப்பவும் அழுத்தக்காரி, அசையல.”

“தினமுமா?” என்றாள் அவள்.

“ஆமா. ஏன், சொல்லலையா?”

சொன்னாள். தினமும் சொன்னாள். கால் வலிக்கிறது என்று சொன்னாள்.

“டீச்சர்,” என்றாள். “அது அவ எழுத்து இல்ல. எல்லாம் நான் எழுதினது.”

வகுப்பு டீச்சர் சிரித்துவிட்டார். “அம்மா, நான் பதினெட்டு வருஷமா நோட்டு திருத்தறேன். பெரியவங்க எழுதினதுக்கும் புள்ளைங்க எழுதினதுக்கும் எனக்கு வித்தியாசம் தெரியாதா? இடம் கிடைக்கணும்னு இப்படிச் சொல்றீங்க. பெத்த மனசு, புரியுது.”

உண்மையைச் சொல்லிவிட்டால் முடிந்துவிடும் என்று நினைத்தவளுக்கு அது போதவில்லை. கையால் செய்ததைக் கையால்தான் காட்ட வேண்டியிருந்தது.

“ஒரு பென்சில் குடுங்க. மழுங்கினதா இருக்கணும்.”

தனிவகுப்பு டீச்சர் ஒரு பென்சிலும் கோடு போட்ட தாளும் கொடுத்தார். அவள் முதுகை வளைத்துக்கொண்டாள். பென்சிலை அடியில் இறுக்கிப் பிடித்தாள். புத்தகத்தில் தலைமையாசிரியர் காட்டிய பத்தியை எழுதத் தொடங்கினாள். அழுத்தம், வரி முடிவில் ஏறும் எழுத்து, மூடாத சுழி, எல்லாம் தானாக வந்தன. மூன்றாவது வரியில் ஒரு பிழை, ஆறாவது வரியில் இன்னொன்று. அதையும் விட்டாள். பக்கத்து நாற்காலியில் கணவர் மூச்சுவிடும் சத்தம் மட்டும் கேட்டது. இருபத்திரண்டு வருஷ வேலையில் அவள் கையை யாரும் இப்படி உற்றுப் பார்த்ததில்லை. பார்க்காதபடி செய்வதுதானே அவள் வேலை.

வகுப்பு டீச்சர் தாளை எடுத்து நோட்டுக்குப் பக்கத்தில் வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

“அப்ப நான் ஸ்டார் போட்டதெல்லாம் உங்களுக்கா?” என்றார். பிறகு மெதுவாக, “அந்தப் புள்ளையப் போய் நிக்க வெச்சேனே” என்றார்.

“அவளா எழுதினது ஏதாவது இருக்கா?” என்று தனிவகுப்பு டீச்சர் கேட்டார்.

அவள் கைப்பையிலிருந்து நூல் டப்பாவை எடுத்தாள். நூல் துண்டுகளை மேஜையில் கொட்டிவிட்டு, அடியில் நாலாக மடித்திருந்த தாளைப் பிரித்துக் கொடுத்தாள். ஒரு வருஷத்துக்கு முந்தைய தேதி. மேலே மூன்று வரி, பத்துச் சொல். அதில் இரண்டுதான் சரி. கணவர் அதை வாங்கிப் பார்த்தார், தன் பெண்ணின் எழுத்தை முதன்முதலாக.

சுண்டுவை உள்ளே கூப்பிட்டார்கள். தாளை வைத்து, “நீ ஒரு வரி எழுதும்மா” என்றார் தனிவகுப்பு டீச்சர்.

சுண்டு அம்மாவைப் பார்த்தாள். “நானேவா?”

“நீயேதான்” என்றாள் அவள். அதைச் சொல்வதற்குள் முகம் பற்றி எரிந்தது.

ஐந்து சொல் எழுதச் சுண்டுவுக்கு வெகுநேரம் ஆயிற்று. எல்லாரும் காத்திருந்தார்கள். அம்மா தன் இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

சுண்டுவுக்கு இடம் கிடைத்தது. இன்னொரு குழந்தையையும் விட முடியாது என்று தனிவகுப்பு டீச்சர் பிடிவாதம் பிடித்து, அதைப் பதின்மூன்றாவதாகச் சேர்த்துக்கொண்டார். திட்டத்தின் கடைசியில் ஒரு வரியைத் தன் கையாலேயே சேர்த்தார்: வீட்டுப்பாடத்தைக் குழந்தை மட்டுமே எழுத வேண்டும்; யாரும் திருத்தக் கூடாது; எழுதியபடியே, கீழே தாயார் தினமும் கையெழுத்திட வேண்டும். அவள் அதற்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

பஸ் ஸ்டாப்பில் கணவர் துணிப்பையைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றார். இரண்டு பஸ் போய்விட்டது. இரண்டையும் ஓட்டியவர்கள் அவருக்குக் கை காட்டிவிட்டுப் போனார்கள்.

“டிப்போ பூரா காட்டினேன்” என்றார்.

“தெரியும்.”

“என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்.”

“அவ்ளோ சந்தோசமா இருந்தீங்க…”

“அதனால?”

சுண்டு இருவருக்கும் நடுவில் நின்று, வரும் பஸ்ஸின் நம்பரை மட்டும் உரக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். நம்பர் அவளுக்கு வரும்.

மறுநாள் கடையில் இஸ்திரிக்காரர், “என்னக்கா, ஸ்கூல்ல ஜெயிச்சாச்சா?” என்று கேட்டார். அவள் ஒன்று விடாமல் சொன்னாள். அவர் இஸ்திரிப் பெட்டியைத் தாங்கியில் வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார்.

“நீங்க செஞ்ச வேலையிலேயே வெளிய தெரிஞ்சுபோனது இது ஒண்ணுதான் அக்கா” என்றார். கிண்டலாகத்தான் சொல்ல வந்தார். பாதியில் குரல் இறங்கிவிட்டது. அவளுக்கும் சிரிக்க வரவில்லை, ஆனால் கோபமும் வரவில்லை. ஒரு கோட்டை எடுத்துத் திருப்பிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

அன்று சாயங்காலம் புது நோட்டு. சுண்டு நாலு வரி எழுத வேண்டும். இரண்டு வரி எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

“அம்மா, பழைய நோட்டுல எத்தனை ஸ்டார் தெரியுமா?”

“எண்ணலையே.”

“அறுவத்தி மூணு. நான் எண்ணினேன்.” கொஞ்சம் யோசித்தாள். “இதுல எனக்கு ஒண்ணாவது உண்டா?”

“இல்லடி கண்ணு.”

“அதான் நானும் நெனச்சேன்” என்று சொல்லிவிட்டு மூன்றாவது வரிக்குப் போனாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. அதுதான் அம்மாவைப் போட்டு அறுத்தது.

நாலாவது வரி முடிந்தது. எழுத்து வரியை விட்டு மேலே ஏறிக்கொண்டிருந்தது. கொம்பு பின்னால் உட்கார்ந்திருந்தது. மூன்று சொற்களில் எழுத்து குறைந்தது. அம்மா நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். வேறு எதற்கும் இல்லை, கையெழுத்துப் போடத்தான். ஆனால் ரப்பர் எப்போது கைக்கு வந்தது என்று அவளுக்கே தெரியவில்லை.

சுண்டு சட்டென்று தன் உள்ளங்கையை விரித்து நாலு வரியின் மேலும் வைத்து மூடிக்கொண்டாள்.

“கையை எடு சுண்டு. அம்மா கையெழுத்துப் போடணும்.”

“நீ மொதல்ல ரப்பரைக் கீழ வை.”

அவள் வைத்தாள். சுண்டு இடது கையால் அதைத் தட்டிவிட்டாள். அது உருண்டு போய், செருப்பை அவிழ்த்துக்கொண்டிருந்த அப்பாவின் காலடியில் நின்றது. அவர் குனிந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

சுண்டு வலது கையை எடுக்கவே இல்லை. அந்தக் கைக்குக் கீழே மிச்சமிருந்த வெள்ளையில், விரல்களில் இடிக்காமல், அம்மா தன் பெயரை எழுதினாள்.